அப்பா ‘வேண்டாம்’ என்று சொன்ன கடல்

என் மனைவியின் வலது கை மோதிர விரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில், கொங்கண் கரையில் ஒரு குகை வாசலில், படகு விளிம்புக்கும் பாறைக்கும் நடுவில் அந்த விரல் மாட்டிக்கொண்டது. அவள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்குத்தான் அந்த நகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அன்று மத்தியானம் அப்பா சொன்னது காதில் கேட்கிறது: “வேண்டாம்லே, காத்து ஏறிட்டு.”

நான் தாராவியில் பிறந்தவன். இப்போது சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறோம். அப்பா திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர். மும்பைத் துறைமுகத்தில், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி ‘கோதி’யில், ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தார். அதற்கு முன்னால் சின்ன வயதில் பெரியப்பாக்களோடு வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை. முன்பணம் கட்டியிருந்தேன், அதுதான் காரணம்.

இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிந்துதுர்க் பக்கம் போகிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே போன டிசம்பரில் மூன்று குடும்பம் போனது. போகிறவர்கள் படகு ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மும்பையிலிருந்து தெற்கே, கோவா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம் சிந்துதுர்க். எல்லோருக்கும் தெரிந்த ஊர் மால்வண். அங்கேதான் சிவாஜி 1664இல் கட்டத் தொடங்கிய கடல்கோட்டை இருக்கிறது. அதற்குத் தெற்கே கர்லி ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றைத் தாண்டினால் போகவே, அதற்கும் கீழே நிவதி. செம்பாறை மேடு கடலுக்குள் மூக்கை நீட்டும் இடங்களில் கரை மணலாக இல்லாமல் சுவராக நிற்கும். அந்தச் சுவரின் அடியில் விரிசல்களும் சிறிய குகைகளும் உண்டு. சாயங்கால வெயில் பட்டால் தங்கம் பூசிய மாதிரி மின்னும் பாறைகள் ஒரு இடத்தில் இருக்கின்றன. ‘கோல்டன் ராக்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் பக்கத்தில் போய்ப் பார்க்க வெளி எஞ்சின் மாட்டிய சின்ன ஃபைபர் படகுதான் வழி.

ரயிலுக்கு இறங்க வேண்டிய நிலையம் குடாள். சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து இரவு கிளம்பும் கொங்கண் கன்யாவில் ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். அங்கிருந்து பருளே வழியாக ஆட்டோ. இந்தக் கணக்கில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். காலையில் இறங்கி, அறைக்குப் போய்க் குளித்து, மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குப் படகு. மறுநாள் காலை மால்வண், இரவு திரும்பும் ரயில் என்று போட்டிருந்தேன். தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட வீணாகாத திட்டம். ஆனால் மேற்குக் கரையில் மத்தியானம் மூன்று மணி என்பது காற்றுக்கு உரிய நேரம். விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும். தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். மதியத்துக்கு மேல் அது வலுத்துவிடும்.

அப்பா கரையில் நின்று பார்த்த உடனே இதைச் சொன்னார். அவர் ஊரில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். “நம்ம ஊர்ல கச்சான் கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். வள்ளத்த வெளிய தள்ளிட்டுப் போயிரும்னுதான் பயப்படுவோம். இங்க அதே காத்து கடல்ல இருந்து கரைக்கு வருது. இது நம்மளப் பாறையில கொண்டு போய்ச் சாத்தும்லே” என்றார். தூரத்தில் அலைத்தலைகள் வெளுத்துக் கிடப்பதைக் கையை நீட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். அழகாக இருந்தது. போனில் பதிவு செய்து கொடுத்த ஆள், “இது ஒண்ணுமில்லை சார், தினமும் போறதுதான்” என்றான். நான் அவனை நம்பினேன்.

படகில் எட்டுப் பேர் என்று பேச்சு. ஏறியபோது பதினொரு பேர். லைஃப் ஜாக்கெட்டுகள் பலகைக்கு அடியில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. எனக்குக் கிடைத்ததில் ஒரு கொக்கி இல்லை. மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அளவுக்கு ஒன்றுமே இல்லை, பெரியவர்களுடையதைப் போட்டு இடுப்பில் கயிற்றால் கட்டினார்கள். மதியம் சுர்மை மீன் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தோம். படகு பாறை மூக்கைத் திரும்பிய கால் மணி நேரத்தில் மூன்று பேர் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் கடல் நடந்துகொள்ளும் விதம் மணல் கரையில் நாம் பார்க்கிற மாதிரி இருக்காது. மணலில் அலை சரிந்து, உடைந்து, களைத்துப்போய் நிற்கும். பாறைச் சுவரின் அடியில் ஆழம் இருந்தால் அலை உடையாமலே மோதித் திரும்பிவிடும். போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் தண்ணீர் கூம்பு கூம்பாக எழும். வெளியே அரை ஆள் உயரம் இருக்கும் அலை அங்கே ஆள் உயரத்துக்கு எழும்பிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து தூக்கும் என்று கணிக்க முடியாது. படகு முன்னும் பின்னும் ஆடாமல், குலுக்குகிற டப்பாவுக்குள் கிடக்கும் கொட்டை மாதிரி ஆடியது.

குகை வாய் இரண்டு படகு அகலம் இருக்கும். ஓட்டியவன் இளைஞன். எங்களில் யாரோ “உள்ளே போகலாமா?” என்று கேட்டார்கள். அவனுக்கும் எங்களைச் சந்தோஷப்படுத்த ஆசை. படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, நேராகக் குகைக்குள் விட்டான். பின்பக்கம் கடல். அப்போது வரிசையாக மூன்று பெரிய அலை வந்தது. முதல் அலை எங்களைத் தூக்கி உள்ளே தள்ளியது. அவன் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டான். ஆனால் குகைக்குள் தண்ணீர் முழுவதும் நுரை. நுரையில் விசிறிக்குப் பிடிமானம் இல்லை. எஞ்சின் வெறுமனே அலறியது. இரண்டாவது அலையில் படகு குறுக்கே திரும்பியது. மனைவி விழாமல் இருக்க விளிம்பைப் பிடித்திருந்தாள். நான்கு விரலும் வெளிப்பக்கம். பாறை வந்து உரசியது.

அவள் கத்தவில்லை. “மாமா, கை” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே துடுப்பை எடுத்துப் பாறையில் ஊன்றினார். அந்தப் பையனைப் பார்த்து இந்தியில், அடுத்த அலை வந்து தூக்கிவிட்டுத் திரும்பும்போது அதோடு சேர்ந்து வெளியே எடு என்றார். அப்படியே எடுத்தான். வெளியே வந்த பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தோம். குடாளில் ஒரு மருத்துவமனையில் நான்கு தையல் போட்டார்கள். எலும்பு தப்பியது.

மும்பைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துப் போய்விட்டது. புயல் இல்லை, மழை இல்லை. நமது தென்கோடியிலும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயல் காற்று கிளப்பிய நீள அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திருடன் மாதிரி சத்தமில்லாமல் ஏறி வரும். பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். அப்பா பேப்பரில் அந்தச் செய்தி வந்த பக்கத்தை வெட்டி வைத்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அதன் பிறகுதான் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஐதராபாத்தில் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. சுருக்கமாக இன்காய்ஸ். மீனவர்களுக்காக ஒவ்வொரு கரைக்கும் அலை உயரம், காற்று, தூரத்து அலையின் உயரம், கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாம் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். யாரும் பார்க்கலாம். நான் முன்பெல்லாம் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒரு மீட்டர்தானே’ என்று நினைத்திருப்பேன். உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்றாக வருவது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. அது சலசலக்கும், நனைக்கும். பதினான்கு, பதினைந்து விநாடிக்கு ஒன்றாக வருவது தூரத்து அலை. நடுக்கடலில் அது இருப்பதே தெரியாது. பாறையைத் தொட்டதும், குகைக்குள் நுழைந்ததும் அதன் முழுப் பலமும் வெளியே வரும். ஒரே ஒரு மீட்டர் உயரம்தான் என்றாலும் இடைவெளி நீளமாக இருந்தால் குகைப் பக்கம் போகக் கூடாது.

இன்னொன்றை அப்பா சொல்லிக்கொடுத்தார். அலை ஒரே சீராக வராது, கூட்டம் கூட்டமாக வரும். சின்ன அலைகள் பல வந்த பிறகு பெரியவை மூன்று நான்கு சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘கடல் அமைதியா இருக்கு’ என்று சொன்னால் அந்தக் கூட்டத்தைப் பார்க்காமலே சொல்வதாக ஆகிவிடும். இருபது நிமிடமாவது ஒரே இடத்தில் நின்று, ஒரே பாறையில் அலை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாந்த்ரா கரைப் பாறைகளுக்கு எதிரே நின்று இதைப் பழகினோம். மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. “தாத்தா, பெரியவங்க வந்துட்டாங்க” என்பாள்.

அதே வருடம் டிசம்பர் 18ஆம் தேதி மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன பயணிகள் படகின் மேல், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப்படகு மோதியது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மும்பையில் அந்தப் படகில் ஒரு தடவையாவது ஏறாத குடும்பம் குறைவு; நாங்களும் எத்தனையோ முறை மேல்தளத்தில் நின்று, கடல்காகங்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டைத் தொடாமலே போய் வந்திருக்கிறோம். மறுநாளிலிருந்து அங்கே எல்லோரும் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். அந்த வாரம் நான் மஸ்ஜித் பந்தர் பக்கம், கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில், மகள் எடைக்குச் சரியான ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். எல்லாக் கொக்கியையும் மாட்டிய பிறகு, ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். அது காது வரை ஏறி வந்தால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே போகும். தோளை விட்டு நகராமல் இருந்தால்தான் சரி. விசில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். படகில் தருவது பெரியவர்களுக்கே போதாமல் இருக்கிறது. குழந்தைக்கு நீங்களே கொண்டுபோவதுதான் நிச்சயம்.

இரண்டாவது பயணத்துக்கு மனைவிதான் நாள் குறித்தாள். 2025 ஜனவரி கடைசி வாரம். நான் இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்றிருந்தேன். “பாதி பாத்துட்டு வந்தோம். மாமா சொல்ற நேரத்துல போயி மீதியையும் பாப்போம்” என்றாள். இந்த முறை மூன்று இரவு தங்குவதாகத் திட்டம். படகுக்கு மட்டும் இரண்டு காலைப் பொழுது ஒதுக்கினோம், ஒன்று கைவிட்டுப் போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை என்ற நிலையில் இருக்கிறவனால் கடலைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. நான் முதல் முறை அந்த நிலையில்தான் இருந்தேன்.

இடையில் ஆள் வைக்காமல் நிவதிக் கரையில் ஒரு மீனவரிடமே பேசினோம். அறுபது வயதிருக்கும். காகா என்று கூப்பிட்டோம். அவர் அப்பாவை ‘அண்ணா’ என்றார். மராத்தியிலும் அதே சொல்தான், அப்பாவுக்கு அதில் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. ஆள் கணக்கில் பேசாமல் முழுப் படகுக்கும் சேர்த்து வாடகை பேசினோம். அப்படிப் பேசினால்தான் கடைசி நேரத்தில் அந்நியர் மூன்று பேர் ஏறமாட்டார்கள். வாடகை கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை. அப்பா அவரிடம் மூன்று கேள்வி கேட்டார். வெளியே ஏதாவது ஆனால் யாருக்குச் செய்தி சொல்வீர்கள்? எஞ்சின் நின்றுபோனால் படகில் துடுப்பும் நங்கூரமும் இருக்கிறதா? போன வாரம் எத்தனை நாள் போகாமல் இருந்தீர்கள்? மூன்றாவது கேள்வி எனக்குப் புதிது. “இரண்டு நாள் போகவில்லை” என்றார் காகா, யோசிக்காமல். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லா நாளும் போகிறேன் என்று சொல்கிறவர் படகில் ஏறாதே என்றார் பிறகு.

முதல் நாள் காலை ஆறரைக்குக் கரைக்குப் போனோம். காற்றே இல்லை. எனக்குப் பார்க்க நல்ல கடல். காகாவும் அப்பாவும் பேசாமல் நின்றார்கள். நிவதிக் கோட்டை மேட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பாறை. அதன் மேல் அலை சத்தமில்லாமல் ஏறி முழுவதும் மூடிவிட்டு வழிந்தது. மகள் எண்ணினாள். பதினான்கு விநாடி. காகா தலையை ஆட்டினார். அன்று படகு இல்லை. போகவே கடற்கரையில் நடந்து, ஆற்று முகத்தில் வலை இழுப்பதைப் பார்த்து, மத்தியானம் சோல்கடி குடித்துவிட்டுத் தூங்கினோம். நல்ல நாள்.

மறுநாள் அதே பாறை பாதிதான் நனைந்தது. வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம். ஏற்றத்தில் போவதில் ஒரு வசதி உண்டு: படகு எங்காவது தட்டி நின்றாலும் தண்ணீரே கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடும், வற்றில் மாட்டினால் மாட்டியதுதான். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டோம் (மனைவி மும்பையிலிருந்தே மாவு கொண்டுவந்திருந்தாள்). குமட்டலுக்கு அவோமின் மாத்திரை, மகளுக்கு எங்கள் மருத்துவர் சொன்ன அளவில். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. உட்கார நல்ல இடம் படகின் நடுவிலிருந்து பின்பக்கம். அணியத்தில் தூக்கிப் போடுவது அதிகம். கண்ணைப் போனில் வைக்காமல் அடிவானத்தில் வைத்தால் தலை சுற்றாது.

இந்த முறை பாறைச் சுவரை நிதானமாகப் பார்த்தேன். மேலே செம்பாறை, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. கீழே வர வர நிறம் மாறுகிறது. தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு, பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சின்ன உயிர், அப்பியிருக்கும் பட்டை. அந்தப் பட்டையின் மேல் விளிம்புதான் ஏற்றம் வழக்கமாகத் தொடும் உயரம். குகை வாயின் கூரைக்கும் அந்த விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால், தண்ணீர் ஏறியதும் உள்ளே தலைக்கு மேல் என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். நாங்கள் முதல் முறை போன குகையில் அந்தப் பட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை.

காகா குகைக்கு முன்னால் படகைத் திருப்பினார். அணியம் கடலைப் பார்த்து நிற்க, எங்கள் முதுகு குகைப் பக்கம். அப்பா என் முழங்காலைத் தட்டி, “பாத்தியா” என்றார். பெரிய அலை வந்தால் அதை அணியத்தால் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடிவிடலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, துடுப்பால் பிடித்து, குகை வாயிலிருந்து இருபது அடி தள்ளியே நிறுத்தினார். உள்ளே போகவில்லை. போகச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் திரும்பி உட்கார்ந்து பார்த்தோம். எல்லோர் கையும் மடியில்.

உள்ளே இருட்டு. சின்ன அலை போனால் நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம். கொஞ்சம் பெரிய அலை போனால் ஒரு நொடி ஒன்றும் கேட்காது. பிறகு அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ‘தொம்’ என்று ஒரு ஓசை, அதைத் தொடர்ந்து குகை வாயிலிருந்து புகை மாதிரி நீர்த்தூள் மூச்சு விடும். முகத்தில் குளிர்ந்து படும். உப்பும் பாசியும் கலந்த வாடை. “வள்ளிக் குகை மாதிரியா தாத்தா?” என்று மகள் கேட்டாள், திருச்செந்தூரில் குனிந்து நுழைந்து வந்தது அவளுக்கு நினைவிருந்தது. அப்பா, “அது சாமி இருக்கிற குகை, இது கடல் இருக்கிற குகை” என்றார். அந்த ‘தொம்’தான் குகையை உண்டாக்குகிறது என்று அவளுக்குச் சொன்னேன். பாறையில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும். அலை வந்து அடைக்கும்போது விரிசலுக்குள் இருக்கும் காற்று நசுங்கும். அலை திரும்பியதும் பட்டென்று விரியும். ஆயிரக்கணக்கான வருடங்களாக அலைக்கு ஒரு முறை இந்த அடி. காயும்போது உப்பு படிகமாகிப் பாறைத் துகளைத் தள்ளும். உதிர்ந்த கல்லையே எடுத்து அலை மறுபடி எறியும். அவள் விரலை விட்டு அடுத்த ‘தொம்’முக்கு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து விலகி வந்தபோது மூன்று ஓங்கில்கள் (டால்பின்கள்), முதுகில் திமில் இருக்கும் வகை, சாவகாசமாகப் போயின. காகா துரத்தவில்லை. எஞ்சினை அடக்கி நின்றார். அவையே பக்கத்தில் வந்து மூச்சு விட்டுவிட்டுப் போயின. முன்னால் போய் மறிக்கச் சொல்லி ஓட்டுகிறவரை நச்சரிக்காதீர்கள்.

திரும்பிக் கரையில் இறங்குவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சுற்றிப் பார்த்து முடிந்தது என்று எல்லோரும் அசட்டையாக இருக்கும் நேரம் அது. அலை அடிக்கும் மணலில் படகு தட்டியதும் முன்பக்கமாகக் குதித்து, படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. அடுத்த அலை அந்தப் படகைத் தூக்கி உங்கள் மேல் போடும். பக்கவாட்டில் இறங்கி உடனே விலகிவிட வேண்டும். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுங்கள். காலில் செருப்பு பட்டையோடு இருக்கட்டும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி மாதிரி அறுக்கும். போனுக்கு ஒரு நீர் புகாத உறை, கழுத்தில் மாட்டும் கயிற்றோடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே படகுச் சுற்றுலாவே நிறுத்தப்பட்டிருக்கும். அந்த மாதங்களில் யாராவது ‘நான் கூட்டிப் போகிறேன்’ என்றால் போகாதீர்கள்.

நிவதிக் கடலில் வெகு தூரத்தில், வெயில் நன்றாக இருந்தால், ஒரு கலங்கரை விளக்கமும் சில கறுப்புப் புள்ளிகளும் தெரியும். வெங்குர்லா ராக்ஸ். அந்தத் தீவுப் பாறைகளின் குகைகளில் உழவாரன் இனத்தைச் சேர்ந்த சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மராத்தியில் பாகோளி. எச்சிலால் ஒட்டிக் கட்டும் கூடு. இருட்டில் நாக்கைச் சொடுக்குகிற மாதிரி ஒலி எழுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புவதை வைத்து வழி கண்டுபிடிக்கும். வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது, இதன் ஒலி எட்டும். அந்தக் கூடுகளைத் திருடி விற்கிறவர்கள் ஒரு காலத்தில் அங்கே நிறைய இருந்தார்கள் என்று காகா வருத்தத்தோடு சொன்னார். இறங்காமல், குகையை நெருங்காமல், தள்ளி நின்று ஒரு சுற்று காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு அந்தப் பறவைகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிப்ரவரியில் மறுபடி போனோம். முந்தின நாள் சாயங்காலம் காகாவைக் கூப்பிட்டபோது, வாருங்கள், பார்க்கலாம் என்றார். இரண்டு காலையும் கரையில் நின்றோம். இரண்டு காலையும் கறுப்புப் பாறை மூழ்கியது. இரண்டாம் நாள் காகா வாய் திறப்பதற்கு முன்னாலேயே மகள், “இன்னைக்கும் இல்ல காகா” என்று மராத்தியில் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள். அப்பாவும் காகாவும் கிழிந்த வலையை ஆளுக்கொரு பக்கம் மடியில் போட்டுக்கொண்டார்கள். மனைவி தொலைநோக்கியை வாங்கிக் கலங்கரை விளக்கத்தைத் தேடினாள். கோணல் நகத்தோடு அந்த விரல் மெதுவாகத் திருகியைத் திருப்பியது. “தெரியுது” என்றாள். நாங்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தோம்.